கடலும் ஏடும் – 12: பாறைத் தீவின் நூலகம்

சென்ற இதழில் ஐஸ்லாந்தின் கன்றுத்தோல் ஏடுகளையும், 13ஆம் நூற்றாண்டில் அவற்றில் எழுதப்பட்ட சாகாக்களையும் பார்த்தோம். இந்த இதழில் அங்கிருந்து தெற்கே இறங்கி அயர்லாந்தின் மேற்குக் கோடிக்கு வருகிறோம். காலமும் நமக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. இப்போது பார்க்கப்போகும் நூல்கள் 1928க்கும் 1939க்கும் இடையில் அச்சேறியவை. அவற்றைத் தந்தவர்கள் மூவர். மூவரும் ஒரே தீவில், ஒரே கிராமத்தில், ஒருவர் வீட்டுக் கூரைப்புகை இன்னொருவர் வாசலில் தெரியும் தூரத்தில் வாழ்ந்தவர்கள். அந்தத் தீவில் மக்கள்தொகை உச்சத்தில் இருந்த 1916ஆம் ஆண்டில்கூட மொத்தம் 176 பேர்தான்.

அதன் பெயர் பெரிய பிளாஸ்கெட். இன்று அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர் யாரும் இல்லை. நூல்கள் இருக்கின்றன. இரண்டும் எப்படி நேர்ந்தன என்பதே இந்த அத்தியாயம்.

அட்லாண்டிக்கின் வாசலில்

அயர்லாந்தின் தென்மேற்கே கெரி மாவட்டம். அங்கே டிங்கிள் தீபகற்பம் கடலுக்குள் நீண்டு போய், டன்குவின் என்ற சிற்றூரில் செங்குத்துப் பாறையாக முடிகிறது. எதிரே பிளாஸ்கெட் தீவுக்கூட்டம். பெரிய தீவுகள் ஆறு. அவற்றில் மூத்தது பெரிய பிளாஸ்கெட்: ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அளவு அகலமும் கொண்ட மலைமுதுகு. அதன் உச்சி 292 மீட்டர். மரம் என்று சொல்ல ஒன்றுகூடக் கிடையாது. கடை இல்லை, தேவாலயம் இல்லை, பாதிரியார் இல்லை, மருத்துவர் இல்லை. வீடுகள் எல்லாம் கரையைப் பார்த்த சரிவில், காற்றுக்கு முதுகைக் காட்டி, பாதி மண்ணுக்குள் புதைந்தாற்போல் கட்டப்பட்டவை.

தீவுக்கும் கரைக்கும் இடையில் உள்ள கடல் சில கிலோமீட்டர்தான். ஆனால் அந்தச் சில கிலோமீட்டரைக் கடக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய குளிர்காலங்கள் உண்டு. 1588இல் இங்கிலாந்தின் மீது படையெடுத்துவந்து தோற்றுத் திரும்பிய ஸ்பானியக் கப்பற்படையின் 'சாந்தா மரியா தெ லா ரோசா' என்ற கப்பல் இந்த இடைக்கடலில்தான் மூழ்கியது. அப்படிப்பட்ட கடலைத் தீவுக்காரர்கள் கடந்தது 'நேவோக்' என்ற படகில். மெல்லிய மரச்சட்டங்களை வளைத்துக் கூடாகக் கட்டி, மேலே கித்தான் துணி போர்த்தி, தார் பூசிய படகு அது. கரை சேர்ந்ததும் ஆட்கள் அதைக் கவிழ்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு மேடேறி விடுவார்கள். மாடு வாங்கினால் காலைக் கட்டி அதில்தான் படுக்க வைத்துக் கொண்டுவர வேண்டும். ஒருவர் இறந்தால் சவப்பெட்டியும் அதில்தான் ஏறும். தேவாலயக் கல்லறை டன்குவினில்தான் இருந்தது.

உணவு உருளைக்கிழங்கு, மீன், பால். உரத்துக்குக் கடற்பாசி. அடுப்புக்கு மலைமேல் வெட்டிக் காயவைத்த கரிமண். முயல் பிடிப்பார்கள். கடல்நாயை வேட்டையாட, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாறைக்குகைக்குள் நீந்திப் போவார்கள். முதல் உலகப்போரின்போது 1916இல் 'குவேப்ரா' என்ற சரக்குக்கப்பல் அருகே உடைந்தபோது கரை ஒதுங்கிய பண்டங்கள் அந்த ஊருக்கு ஒரு செழிப்பான காலத்தைத் தந்தன. கடல் கொடுத்ததும் உண்டு, எடுத்ததும் உண்டு. எடுத்ததே அதிகம்.

அடுப்பங்கரையில் இருந்த இலக்கியம்

1845 முதல் 1849 வரை நீடித்த பெரும்பஞ்சம் அயர்லாந்தின் ஏழைகளை அழித்தது. அந்த ஏழைகளில் பெரும்பாலோர் ஐரிஷ் பேசியவர்கள். எஞ்சியவர்கள் கப்பலேறினார்கள். பிள்ளைகள் அமெரிக்காவில் பிழைக்க வேண்டுமே என்று பெற்றோரே வீட்டில் ஆங்கிலத்தைப் பழக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் முடிவில் ஐரிஷ் மொழி நாட்டின் மேற்கு விளிம்பில் சில திட்டுகளாக ஒதுங்கியிருந்தது. அந்தத் திட்டுகளில் ஒன்று பிளாஸ்கெட்.

1864இல் தீவில் பள்ளிக்கூடம் வந்தது. அங்கே சொல்லிக்கொடுத்தது ஆங்கில எழுத்தை. ஆகவே ஐரிஷில் பேசி, பாடி, பிரார்த்தித்து, சண்டையிட்டு வாழ்ந்த ஒரு ஊரில், அந்த மொழியை எழுதத் தெரிந்தவர் அநேகமாக யாரும் இல்லை. அதனால் இலக்கியம் இல்லாமல் போய்விடவில்லை. இரவானால் ஒரு வீட்டின் அடுப்பைச் சுற்றி ஊர் கூடும். வீரர் கதைகள், பேய்க்கதைகள், பழமொழிகள், செய்யுள்கள், அன்றைய ஊர்வம்பு என எல்லாம் அங்கே புழங்கும். ஒரு கதையை அடுத்த நாள் திருப்பிச் சொல்பவர் ஒரு சொல்லைத் தவறவிட்டால் திருத்துவதற்கு ஆள் இருக்கும்.

புலவருக்கு அங்கே என்ன மரியாதை என்பதற்கு ஒரு சம்பவம் போதும். மேலே சொன்ன மூவரில் ஒருவரான தோமாஸ் ஓகுரோஹன், இளைஞராக இருந்த நாளில் ஒரு காலை கரிமண் வெட்ட மலைக்குப் போகிறார். தீவின் புலவர் ஷான் டன்லியும் அங்கே வந்து சேர்கிறார். சற்று உட்கார், என் பாட்டைக் கேள் என்கிறார். கரிமுக ஆடு ஒன்றைப் பற்றிய பாட்டு அது. பாடி முடித்ததும், நான் இறந்தால் இது போய்விடுமே, எழுதி வைத்துக்கொள் என்று கேட்கிறார். தோமாஸுக்கு வேலை கெடுகிறது. அன்றைய பொழுது போகிறது. ஆனாலும் பையிலிருந்து காகிதத்தையும் பென்சிலையும் எடுத்து எழுதிக்கொள்கிறார். மறுத்தால் புலவர் தன்மேல் வசை பாடிவிடுவாரோ என்ற பயம்! அறம் பாடிக் கெடுத்துவிடுவார் என்று புலவருக்கு அஞ்சிய கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பயம் உடனே புரியும். பேச்சில் இருந்த ஓர் இலக்கியம் ஏட்டுக்கு இறங்கிய முதல் கணங்களில் அது ஒன்று. ஐரிஷ் எழுத்து அப்போது தோமாஸுக்குத் தெரியாது. ஆங்கில எழுத்தைக் கொண்டுதான் எழுதினார்.

மாணவராக வந்தவர்கள்

1905இல் நாடகாசிரியர் ஜான் மில்லிங்டன் சிங் தீவுக்கு வந்து இரண்டு வாரம் போல் தங்கினார். தங்கிய இடம் 'ராஜா'வின் வீடு. தீவுக்கு ஒரு ராஜா உண்டு. கிரீடமும் வரியும் கிடையாது. கரைக்குப் போய் அஞ்சலைக் கொண்டுவந்து செய்தித்தாளை வாசித்துச் சொல்லி, வழக்கு வந்தால் ஊர் சார்பில் பேசுகிற மனிதரை ஊரார் அப்படி அழைத்தார்கள். அப்போதைய ராஜா பாட்ரிக் கீன்.

1907இல் நார்வேயிலிருந்து கார்ல் மார்ஸ்ட்ராண்டர் என்ற இளம் மொழியறிஞர் வந்தார். மிகச் சிறந்த ஐரிஷ் எங்கே பேசப்படுகிறது என்று கேட்டுக் கேட்டு வந்தவர் அவர். அவருக்கு ஆசிரியராக அமைந்தவர் ஐம்பதைக் கடந்த தோமாஸ். பகலெல்லாம் மீன்பிடிப்பு, மாலையில் பாடம் என்று மாதக்கணக்கில் நடந்தது. மார்ஸ்ட்ராண்டர் ஊர் திரும்பிய பிறகு தோமாஸுக்குக் காகிதக்கட்டு அனுப்பி, நிலத்திலும் நீரிலும் உள்ள விலங்கு, பறவை, மீன், பூண்டு எல்லாவற்றின் பெயரையும் எழுதித் தரும்படி கேட்டார். மீனவர் ஒருவர் தன் உலகத்தை அகராதியாக எழுத உட்கார்ந்தார்.

ஐரிஷ் எழுத்தை அவர் கற்றது எப்போது? நாற்பதுகளில். டன்குவினுக்குப் போனவர் கடல் கொந்தளிப்பால் திரும்ப முடியாமல் அங்கேயே ஒரு வீட்டில் தங்க நேரும். அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் ஐரிஷ் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய புத்தகத்தை வாங்கிப் பார்த்து, மொழி ஏற்கெனவே தெரிந்ததால் எழுத்தை விரைவில் பிடித்துக்கொண்டார். புயல் கொடுத்த கல்வி அது.

மார்ஸ்ட்ராண்டரிடம் டப்ளினில் படித்த ராபின் ஃபிளவர், அவர் சொல்லி 1910இல் தீவுக்கு வந்தார். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவடித்துறையில் பணியாற்றியவர். பழைய ஐரிஷ் ஏடுகளைப் பட்டியலிட்டுக் கொண்டிருந்தவருக்கு, அந்த ஏடுகளில் இருந்த கதைகள் இங்கே உயிருள்ள வாயில் ஓடுவது பெரும் வியப்பைத் தந்தது. பல ஆண்டுகள், பல கோடைகளில் திரும்பத் திரும்ப வந்தார். 1946இல் அவர் மறைந்தபின் அவருடைய அஸ்தியை இந்தத் தீவில்தான் தூவினார்கள்.

இவர்கள் தீவுக்காரர்களுக்கு எதையும் கற்பிக்க வரவில்லை, கற்க வந்தார்கள். கித்தான் படகில் மீன் பிடிக்கிற மனிதரின் முன்னால், பல்கலைக்கழகத்தில் படித்தவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து சந்தேகம் கேட்டார். நம் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பா என்று தீவு தன்னையே நிமிர்ந்து பார்த்தது. அந்த நிமிர்வு இல்லாமல் இந்த நூல்கள் பிறந்திருக்காது.

தோமாஸ் ஓகுரோஹன்

1917இல் கில்லார்னியிலிருந்து பிரையன் கெல்லி என்பவர் ஐரிஷ் கற்க வந்தார். தோமாஸிடம் எழுதும் திறமை இருக்கிறது என்று கண்டுகொண்டவர் அவர்தான். மீனவனின் வாழ்க்கையில் எழுத என்ன இருக்கிறது என்று தோமாஸ் தயங்கியபோது, பியர் லோத்தியின் ஐஸ்லாந்து மீனவர் நாவலையும் மக்ஸீம் கோர்க்கியின் இளமை நினைவுகளையும் அவருக்கு வாசித்துக் காட்டினார். ரஷ்ய ஏழைப் பையனின் வாழ்க்கை புத்தகமாகும் என்றால் தன் வாழ்க்கையும் ஆகலாம் என்று தோமாஸுக்குத் துணிவு வந்தது. முதலில் நாட்குறிப்பு எழுதினார். எழுத எழுத கில்லார்னிக்குத் தபாலில் அனுப்பினார். அதன்பிறகு தன் வாழ்க்கையை எழுதினார்.

நாட்குறிப்பு 'தீவுப் பேச்சு' என்ற பொருள்பட்ட தலைப்பில் 1928இலும், தன்வரலாறு 'தீவுக்காரன்' என்ற பொருள்பட்ட தலைப்பில் 1929இலும் வெளிவந்தன. 'பருந்து' என்ற புனைபெயர் கொண்ட பாட்ரிக் ஷுக்ரூ இரண்டையும் பதிப்பித்தார். 1934இல் ராபின் ஃபிளவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. தோமாஸ் 1937இல் காலமானார்.

அவர் பட்ட இழப்புகளை அடுக்கினால் நெஞ்சு தாங்காது. பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள். ஒரு பையன் கடற்பறவைக் குஞ்சைப் பிடிக்கப்போய்ப் பாறையிலிருந்து விழுந்து இறந்தான். தட்டம்மையும் கக்குவான் இருமலும் வேறு சில பிள்ளைகளைக் கொண்டுபோயின. 1909 ஆகஸ்டில் ஐரிஷ் கற்கத் தீவுக்கு வந்திருந்த எவலின் நிக்கல்ஸ் என்ற டப்ளின் பெண் நீந்தும்போது மூழ்கத் தொடங்க, காப்பாற்றப் பாய்ந்த தோமாஸின் மகன் டோனலும் அவரோடு மூழ்கினான். மனைவியும் போய்விட்டார். இத்தனையையும் தோமாஸ் நூலில் சில பத்திகளில் எழுதிவிட்டு நகர்கிறார். அழுகை இல்லை, விதியை நோவதில்லை. அடுத்த நாள் கடலுக்குப் போக வேண்டும், போகிறார். கடல்நாய் ஒன்று தன் கெண்டைக்காலைக் கடித்துப் பிய்த்ததைச் சொல்கிற அதே நிதானக் குரல்தான் பிள்ளைகள் இறந்ததைச் சொல்வதும். வாசிக்கிறவருக்குத்தான் கை நடுங்கும்.

இந்தச் சிக்கனம் படித்து வந்ததல்ல. அடுப்பங்கரையில் கதை சொல்கிறவர் எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்திருப்பார். கேட்பவர்கள் எல்லோரும் அதே கடலில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். அவர்களுக்குத் துக்கத்தை விளக்கத் தேவையில்லை. எழுதும்போதும் தோமாஸ் அந்தக் கூட்டத்துக்கே எழுதினார். ஏன் எழுதினார் என்பதையும் நூலின் கடைசியில் சொல்லிவிடுகிறார்: தங்களைப் போன்ற மனிதர்கள் இனி வரப்போவதில்லை, ஆகவே அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு ஒரு பதிவு வேண்டும்.

பதிப்பாசிரியர் தமக்குப் பொருந்தாதென்று பட்ட பகுதிகளை வெட்டியிருந்தார். இளவயதின் துடுக்கும், உடலைப் பற்றிய வெளிப்படையான பேச்சும் அவற்றில் இருந்தன. 2002இல் ஷான் ஓ கொலோய்ன் கையெழுத்துப் படியிலிருந்து முழுநூலையும் பதிப்பித்தார். எழுபதாண்டு கழித்தே தோமாஸ் தன் முழுக்குரலில் பேசினார்.

பெக் சேயர்ஸ்

1873இல் டன்குவினில் பிறந்தவர் பெக். தந்தை பேர்பெற்ற கதைசொல்லி. சிறுமியாக இருந்தபோதே டிங்கிள் நகரில் வேலைக்காரியாகப் போனார். தோழி ஒருத்தி அமெரிக்கா போய்ப் பயணப்பணம் அனுப்புவதாகச் சொன்னாள். அங்கே அவள் கை அடிபட்டுவிட, பணம் வரவில்லை. வராத பணத்துக்குப் பதிலாகக் கல்யாணம் வந்தது. ஒரு மாலை மூன்று ஆண்கள் வீட்டுக்குள் நுழைந்தார்கள். அவர்களில் மாப்பிள்ளை யார் என்றுகூடப் பெக்குக்குத் தெரியாது. தந்தை கேட்க, சம்மதம் சொன்னார். 1892இல் பிளாஸ்கெட்டுக்கு மருமகளாக வந்தார்.

அங்கே பிள்ளைகள் பிறந்தார்கள், சிலர் இறந்தார்கள். ஒரு மகன் அடுப்புக்குச் செடி பிடுங்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்து இறந்தான். மற்றவர்கள் அமெரிக்கா போனார்கள். பெக் கதை சொல்வதை நிறுத்தவில்லை. அவருக்கு ஐரிஷில் எழுதத் தெரியாது. மகன் மைக்கேலுக்குச் சொல்லச் சொல்ல அவர் எழுதிய தன்வரலாறு 'பெக்' 1936இல் வெளிவந்தது. மூதாட்டியின் நினைவுகளாக இன்னொரு நூல் 1939இல். 1935இல் நிறுவப்பட்ட ஐரிஷ் நாட்டாரியல் ஆணையத்துக்காக ஜோசப் டேலி அவரிடமிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட கதைகளைப் பதிவு செய்தார்.

பெக்கின் தன்வரலாறு பல பதின்ஆண்டுகள் அயர்லாந்துப் பள்ளிகளில் பாடநூலாக இருந்தது. அதுவே அவருக்குக் கேடாகவும் முடிந்தது. பரீட்சைக்காகப் படித்த பிள்ளைகள், துக்கமும் பக்தியும் மட்டுமே கொண்ட ஒரு கிழவியாக அவரை நினைத்து வெறுத்தார்கள். நேரில் கேட்டவர்கள் எழுதியிருப்பது வேறு: சிரிப்பும் குறும்பும் நடிப்பும் கலந்த கதைக்காரி அவர், கேட்கிறவர் முகத்தைப் பார்த்துக் கதையை வளர்ப்பவர். தாயின் வாயிலிருந்து மகனின் பேனாவுக்கும், அங்கிருந்து பதிப்பாளரின் மேசைக்கும், பிறகு பாடத்திட்டத்துக்கும் போன ஒவ்வொரு படியிலும் அந்தச் சிரிப்பில் ஒரு பங்கு உதிர்ந்துவிட்டது. வாய்மொழியை நூலாக்குகிற எவரும் பெக்கின் கதையைப் பாடமாகக் கொள்ள வேண்டும்.

ஏழ்மையைத் தேசியப் பெருமையாக்கிப் பார்த்த நகரத்து அன்பர்களைக் கண்டித்து, 1941இல் ஃபிளான் ஓபிரையன் ஐரிஷில் ஒரு கேலி நாவல் எழுதினார். அவர் கேலி செய்தது தோமாஸை அல்ல. தோமாஸின் நூலை அவர் பெரிதும் மதித்தார். பசியும் மழையும் இருந்தால்தான் அசல் ஐரிஷ்காரன் என்று பேசியவர்களே அவருடைய இலக்கு.

மாரிஸும் தாம்சனும்

மூன்றாமவர் மாரிஸ் ஓசலிவன். 1904இல் தீவில் பிறந்து, குழந்தையிலேயே தாயை இழந்து, டிங்கிளில் அனாதை விடுதியில் வளர்ந்து, ஏழு வயதளவில் தீவுக்குத் திரும்பியவர். வளர்த்தவர் தாத்தா. 1923இல் கேம்பிரிட்ஜில் கிரேக்கம் படித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் தாம்சன் தீவுக்கு வந்தார். ஒருவருக்கு வயது 19, இன்னொருவருக்கு 20. மலையிலும் கடலிலும் சேர்ந்து திரிந்தார்கள். நட்பு ஆயுளுக்கும் நிலைத்தது.

மாரிஸின் உடன்பிறந்தவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். அவரும் போவதாக இருந்தார். தாம்சன்தான் பேசித் தடுத்தார். 1927இல் மாரிஸ் டப்ளின் போய்ப் போலீஸில் சேர்ந்தார். கானமராவில் பணியில் இருந்தபோது எழுதிய நூல், 'வளர்ந்த இருபதாண்டு' என்ற பொருள்பட்ட தலைப்பில் 1933இல் வெளிவந்தது. அதே ஆண்டிலேயே மோயா லெவலின் டேவிஸும் தாம்சனும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு, நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டரின் முன்னுரையோடு வந்தது. தோமாஸ் வயதானவரின் கண்ணால் பார்த்த தீவை மாரிஸ் பையனின் கண்ணால் பார்க்கிறார். பறவை முட்டை தேடுவதும் படகுப்போட்டிக்கு டிங்கிளுக்கு ஓடுவதும் தாத்தாவின் பேச்சும் அதில் உண்டு. தீவின் மகிழ்ச்சிக்குச் சாட்சி அந்த நூல். 1950இல் மாரிஸ் கால்வே கடலில் குளிக்கும்போது மூழ்கி இறந்தார்.

தாம்சனுக்குத் தீவு கொடுத்தது வேறொன்று. பிளாஸ்கெட்டில் ஒரு மாலை, கிணற்றடியில் வாளிகளை நிரப்பி வைத்துவிட்டுக் கடலைப் பார்த்து நின்ற ஒரு மூதாட்டியை அவர் சந்தித்ததை எழுதியிருக்கிறார். அவளுடைய ஏழு பிள்ளைகளும் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில். அங்கே வந்து இறுதிக்காலத்தைக் கழிக்கும்படி ஒரு மகனிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அவள் தன் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினாள். சொல்லச் சொல்லப் பேச்சு தாளத்தில் விழுந்து, அடிகளாகப் பிரிந்து, பாட்டுக்கு நெருங்கிவிட்டது. அவள் தன்னைப் புலவர் என்று நினைத்ததில்லை. மனம் நிறைந்தபோது மொழி தானே அப்படி வந்தது. எழுத்துக்கு முந்திய சமூகத்தில் கவிதை என்பது அன்றாடப் பேச்சின் உச்சிதான் என்று தாம்சன் உணர்ந்தார். அதன்பிறகு அவர் ஹோமரைப் படித்த விதமே மாறிவிட்டது.

பிளாஸ்கெட்டிலிருந்து யாழ்ப்பாணம்

இங்கேதான் இந்தக் கதை நம் முற்றத்துக்கு வருகிறது. தாம்சன் 1937 முதல் 1970 வரை பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர். மார்க்சியர். 1960களில் ஈழத்திலிருந்து க. கைலாசபதி அவரிடம் ஆய்வு மாணவராகச் சென்றார். சங்கச் செய்யுள்களைக் கிரேக்க, ஐரிஷ், வெல்ஷ் வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு, பாணர் மரபின் வாய்மொழிப் பாடல்முறை அவற்றின் அடியில் இருப்பதைக் காட்டினார். அந்த ஆய்வு 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்த 'தமிழ் வீரநிலைக் கவிதை' பற்றிய ஆங்கில நூல். அடுத்து கார்த்திகேசு சிவத்தம்பி அதே தாம்சனிடம் பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி ஆய்ந்தார்.

அவர்களுடைய முடிவுகளோடு உடன்படாத தமிழறிஞர்கள் உண்டு. விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் புறநானூற்றைப் பாடப்பட்ட பாட்டாக, ஒரு சமூகத்தின் வாயில் வாழ்ந்த பாட்டாகக் கேட்க நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் இவ்விருவரும் முன்னணியினர். அவர்களுடைய ஆசான் அப்படிக் கேட்கப் பழகியது ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ அல்ல, மரமில்லாத ஒரு பாறைத் தீவின் கிணற்றடியில். தமிழாய்வின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பிளாஸ்கெட்டுக்கு அதில் ஒரு பத்தியாவது தர வேண்டும்.

கடைசிப் படகு

நூல்கள் புகழ்பெற்ற அதே ஆண்டுகளில் தீவு காலியாகிக்கொண்டிருந்தது. இளைஞர்கள் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போனார்கள். பிள்ளைகள் இல்லாததால் 1941இல் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. 1942இல் பெக்கும் கரைக்குக் குடிபெயர்ந்தார். 1947 ஜனவரியில் 24 வயது இளைஞர் ஒருவர் மூளைக்காய்ச்சலில் விழுந்தார். தொலைபேசி வேலை செய்யவில்லை. கடலோ கொந்தளிப்பில். மருத்துவர் வராமலே அவர் இறந்தார். அவர் உடல் சவப்பெட்டிக்காகவும் கடல் அடங்குவதற்காகவும் நாட்கணக்கில் காத்திருந்தது. அந்த ஏப்ரலில் புயலில் சிக்கி உணவின்றித் தவித்த தீவுக்காரர்கள் பிரதமர் டி வலேராவுக்குத் தந்தி அடித்தார்கள். ஜூலையில் அவரே வந்து பார்த்தார். கேட்டதெல்லாம் கரையில் ஒரு வீடு. அதற்கு மேலும் ஆறாண்டு ஆயிற்று.

1953 நவம்பர் 17 அன்று தீவைக் காலி செய்யும் பணி தொடங்கியது. எஞ்சியிருந்தவர்கள் 22 பேர். அவர்களுக்கு டன்குவினில், தங்கள் தீவைப் பார்த்த வீடுகள் கிடைத்தன. பெக் 1958இல் மறைந்தார், டன்குவினிலேயே அடக்கமானார். 1993இல் அதே ஊரில் அரசு பிளாஸ்கெட் நினைவு மையத்தைத் திறந்தது.

அயர்லாந்து அரசு இந்த மக்களின் மொழியைத் தேசிய மொழி என்றது. இவர்களுடைய நூலைப் பள்ளிப்பிள்ளைகள் கையில் கொடுத்தது. ஆனால் பாதுகாப்பாகப் படகு கட்ட ஒரு துறையையும், வேலை செய்கிற தொலைபேசியையும் உரிய காலத்தில் கொடுக்கவில்லை. மொழியைப் போற்றுவது எளிது. அதைப் பேசுகிறவன் அதே இடத்தில் வயிறாரப் பிழைக்க வழிசெய்வதுதான் கடினம். அந்தக் கடினமான வேலையைச் செய்யாமல் விட்டால் மிஞ்சுவது நூலகமும் நினைவு மையமும்தான். பிளாஸ்கெட்டின் நூல்கள் ஒப்பற்றவை. ஆனாலும் அவை மக்கள் இருந்த இடத்துக்கு ஈடாகா. தோமாஸே அப்படித்தான் சொல்லியிருப்பார்.

ஒரு வேண்டுகோளோடு இந்த அத்தியாயத்தை நிறுத்துகிறேன். உங்கள் ஊர் கடலோரமானாலும் மலையோரமானாலும், எழுத்தறியாமல் கதையறிந்த ஒரு பாட்டியோ தாத்தாவோ இன்னும் இருப்பார்கள். இந்த விடுமுறைக்குப் போகும்போது நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் எதிரே உட்காருங்கள். அவர்கள் சொல்லும் சொல்லைத் திருத்தாமல், அழகுபடுத்தாமல், சிரிப்பையும் வசையையும் வெட்டாமல் அப்படியே எழுதுங்கள். எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள்.

(தொடரும்)